ஜிலேபி மீனு, கெண்டைக்கு தூண்டி நரம்பு வாங்கறீங்களா, கிலோவ விடுங்க, தடிமன் எத்தன எம்எம்னு பாருங்க

சித்தப்பா பையன் போன வாரம் புதுசா தூண்டில் ராடு வாங்கிட்டு வந்தான், ஆறடி சின்ன ராடு, நரம்பு சுத்தற ஆயிரம் சைஸ் சின்ன ரீலு, எல்லாம் சரிதான், ஆனா அதுல சுத்தி வெச்சிருந்த நரம்பு (நைலான் இழை, நம்மூர்ல தங்கூஸும்பாங்க) 0.40 எம்எம். பாகூர் ஏரில உள்ளங்கை அகல ஜிலேபி புடிக்க எதுக்குடா இதுன்னு கேட்டா "அறுந்துடக் கூடாதுல்லண்ணே"ங்கறான். கடலூர், பாண்டி பக்கம் பாதி பேரு இப்படித்தான் வாங்கறாங்க, கொடுவா மாதிரி பெரிய மீனுக்கு எடுக்கற நரம்ப கெண்டைக்குப் போட்டுட்டு மீனே கடிக்கலன்னு பொலம்பறது.

தடி நரம்பு ரீலோட சின்ன ஸ்பூல்ல, அதான் நரம்பு சுத்தற உருளைல, படியாது, கம்பிச்சுருள் மாதிரி எகிறி நிக்கும். நாம போடறதே ஒரு சின்ன தக்கை, மொளகு சைஸ் ஈயம், அரை மண்புழு, அந்த வெயிட்டால தடி நரம்ப இழுத்துட்டுப் போக முடியுமா, பத்தடி தள்ளி தொப்புன்னு விழும். தண்ணிக்குள்ளயும் புழு வெறப்பா நிக்கும், ஜிலேபி வந்து மோந்து பாத்துட்டு போயிடும்.

ஏரி, குளத்துல ரீல் போட்டு புடிக்கறவங்களுக்கு என் கணக்கு 0.18ல இருந்து 0.20 எம்எம். மூங்கில் கோல்ல நேரா கட்டறவங்க 0.22 போடுங்க, ஏன்னா மீன் இழுத்தா நரம்ப கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்குடுக்க ரீல்ல இருக்கற ட்ராக் அதுல கிடையாது. விரால் இருக்கற எடம்னா இந்தக் கணக்கே வேற, 0.30க்கு மேல போங்க. உப்பனாறு, சுண்ணாம்பாறு முகத்துவாரம் பக்கம் கிழங்கான் மீனுக்கு உக்காருறீங்கன்னா மீனுக்காக இல்ல, கல்லுல ஒட்டியிருக்கற சிப்பிக்காக 0.25 போடுங்க, அது பிளேடு மாதிரி அறுத்துடும்.

எவ்ளோ வெயிட் தாங்கும்னு பொட்டில போட்டிருக்கற பவுண்டு, கிலோவ அப்படியே நம்பாதீங்க. ஒரு பவுண்டுங்கறது 0.45 கிலோ, அதாவது நாலு பவுண்டு நரம்புன்னா 1.8 கிலோ தாங்கணும். ஒரே சரக்குல நரம்பு ரெண்டு மடங்கு தடிச்சா பலம் நாலு மடங்கு ஆகும். 0.20 எம்எம் சாதா நைலான் ரெண்டு மூணு கிலோ தாங்கினாலே நல்ல நரம்பு. எட்டு கிலோ தாங்கணும்னா ரெண்டு மடங்கு தடிமன், 0.40 வேணும், 0.20லயே எட்டு கிலோன்னு ஒட்டியிருந்தா சிரிச்சுட்டு கீழ வெச்சிடுங்க. நான் சிரிக்காம வாங்கினவன், அதான் சொல்றேன்.

வீட்லயே டெஸ்ட் பண்ணலாம். ரெண்டு லிட்டர் கூல்ட்ரிங்ஸ் பாட்டில்ல 1.8 லிட்டர் தண்ணி ஊத்துங்க, நாலு பவுண்டு கணக்கு ஆச்சு, கழுத்துல ஒரு கயித்த கட்டுங்க. நரம்புல ரெண்டு மொழம் எடுத்து ராத்திரி தண்ணில ஊறப்போட்டு, காலைல தூண்டி முள்ள கட்டி அந்தக் கயித்துல மாட்டி மெதுவா தூக்குங்க. ஊறப்போடறது முக்கியம், நைலான் தண்ணி குடிக்கும், குடிச்சா கொஞ்சம் பலம் கொறையும், நாம புடிக்கறது தண்ணிலதானே. முடிச்சோட தூக்கறதும் அதுக்குத்தான், நரம்பு அறுந்தா பெரும்பாலும் முடிச்சுலதான் அறும். எட்டு கிலோன்னு நான் வாங்கினது இந்த பாட்டிலுக்கே பட்டுன்னு போச்சு.

முடிச்ச இறுக்கறதுக்கு முன்னாடி எச்சி தொட்டு இறுக்குங்க, காஞ்ச நரம்ப இழுத்தா உரசி சூடாகி அங்கயே நைஞ்சுபோயிடும். அஞ்சு சுத்து போதும்.

கலரப் பத்தி ரொம்ப மண்டைய ஒடைக்காதீங்க, ஐப்பசி மழைக்கு அப்புறம் ஏரித் தண்ணி டீ கலர்லதான் இருக்கும், வெள்ளையோ வெளிர் பச்சையோ எதுவும் ஓடும். பிரெய்டு, அதான் பின்னின நரம்பு, வேணாமான்னு கேப்பீங்க, தக்கை தூண்டிலுக்கு நைலான்தான் சுகம், அது கொஞ்சம் இழுபடும், அதனால கெண்டையோட மெல்லிசு வாய் கிழியாது.

கடைல கண்ணாடி ஜன்னல்ல வெயில்ல தொங்கற ஸ்பூல எடுக்காதீங்க, உள்ள இருந்து எடுத்துத் தரச் சொல்லுங்க, நாள்பட வெயில் பட்ட நைலான் பலம் கொறஞ்சுபோயிடும். அதே மாதிரி பைக் பெட்டில போட்டு அக்னி நட்சத்திரத்துல காயவெச்சிட்டு கம்பெனிய திட்டக்கூடாது. ரீல்ல ஏத்தறப்ப ஈரத்துணில புடிச்சு ஏத்துங்க, விளிம்புக்கு ரெண்டு எம்எம் கீழயே நிறுத்திடுங்க, முழுக்க ரொப்பினா மொத்தமா சிக்கலா வெளிய வரும். ட்ராக்க நரம்பு தாங்கறதுல மூணுல ஒரு பங்குக்கு வெச்சா போதும். ஒவ்வொரு தடவ போறப்பவும் கடைசி ரெண்டடிய விரல்ல தடவிப் பாத்து சொரசொரப்பு இருந்தா வெட்டி வேற கட்டுங்க.

ஏரின்னா குத்தகைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எறங்குங்க, ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம், அந்தப் பக்கம் தூண்டில எடுத்துட்டே போகாதீங்க. வெட்டின துண்டு நரம்ப கரைல போடாம பாக்கெட்ல வெச்சு எடுத்துட்டு வந்துடுங்க, கொக்கு கால்ல அது சுத்திக்கிட்டு கெடந்தத நான் ஒரு தடவ கத்திரிக்கோல் வெச்சு எடுத்துவிட்டேன், அரை மணி நேரம் ஆச்சு, கைய கொத்திடுச்சு.