டோக்கன் திரை தானாக மாற: எஸ்எஸ்இ செய்முறை

ஒரு கிளினிக்கில் டோக்கன் எண் காட்டும் திரை வைக்க வேண்டும். டாக்டர் அடுத்தவரைக் கூப்பிட்டதும் எண் மாற வேண்டும். இரண்டு நொடிக்கு ஒருமுறை "புது எண் உண்டா?" என்று பிரவுசர் கேட்டுக்கொண்டே இருப்பது வீண் வேலை. ஒரு இணைப்பைத் திறந்தே வைத்திருந்து, மாறும்போது சர்வரே சொல்லிவிட்டால் போதும்.

பலரும் உடனே வெப்சாக்கெட்டைத் தேடிப் போகிறார்கள். இரண்டு பக்கமும் பேசும் சாட்டுக்கு அது சரி. இங்கே பேசுவது சர்வர் மட்டும்தான். அதற்கு சர்வர்-சென்ட் ஈவென்ட்ஸ், சுருக்கமாக எஸ்எஸ்இ, தாராளம். சாதாரண எச்டிடிபி மேலேயே ஓடும். பிரவுசரில் தனி லைப்ரரி வேண்டாம்.

முதலில் சர்வர். நோட்ஜேஎஸ்ஸில் (ஜாவாஸ்கிரிப்ட்டை சர்வரில் ஓட்டும் கருவி) ஒரு முகவரி அமைத்து, கன்டென்ட்-டைப் ஹெட்டரில் 'டெக்ஸ்ட்/ஈவென்ட்-ஸ்ட்ரீம்' என்று கொடுங்கள். பதிலை 'எண்ட்' போட்டு முடிக்காதீர்கள். வரும் ஒவ்வொரு இணைப்பையும் ஒரு பட்டியலில் சேருங்கள். எண் மாறும்போது பட்டியலில் உள்ள எல்லாவற்றுக்கும் 'ரைட்' செய்யுங்கள். யாராவது பக்கத்தை மூடினால் 'க்ளோஸ்' ஈவென்ட் வரும். அப்போதே அந்த இணைப்பை நீக்கிவிடுங்கள், இல்லையென்றால் பட்டியல் வளர்ந்துகொண்டே போகும்.

அனுப்புவது யூடிஎஃப்-8 எழுத்துதான். 42ஆம் எண் இப்படிப் போகும். கோடில் ஐடி, டேட்டா இரண்டையும் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்:

ஐடி: 7
டேட்டா: 42

அதற்குக் கீழே ஒரு வெற்று வரி கட்டாயம். செய்தி முடிந்தது என்று பிரவுசருக்குத் தெரிவது அதை வைத்துத்தான். முதல் தடவை நான் டேட்டா வரிக்குப் பின் ஒரே ஒரு 'பேக்ஸ்லாஷ் என்' (புது வரிக் குறி) போட்டிருந்தேன். பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் உள்ள நெட்வொர்க் டேபில் இணைப்பு திறந்திருக்கிறது, எரர் எதுவும் இல்லை, திரையில் மட்டும் எண் வரவே இல்லை. அரை நாள் போய்விட்டது. இரண்டு போடுங்கள்.

பிரவுசர் பக்கம் சுலபம். அந்த முகவரியைக் கொடுத்து ஒரு 'ஈவென்ட்சோர்ஸ்' உருவாக்கி, 'ஆன்மெசேஜ்' ஃபங்ஷனில் வரும் டேட்டாவைத் திரையில் எழுதுங்கள். அவ்வளவுதான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, இணைப்பு அறுந்தால் பிரவுசரே சில நொடியில் மறுபடி இணைவது. கடைசியாக வாங்கிய ஐடியை 'லாஸ்ட்-ஈவென்ட்-ஐடி' ஹெட்டரில் கொண்டுவரும். ஆனால் இடையில் தவறிய செய்திகளைத் தேடி அனுப்புவது உங்கள் கோடின் பொறுப்பு.

அப்புறம், உங்கள் சர்வருக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் (நடுவில் நின்று கோரிக்கையையும் பதிலையும் கைமாற்றும் மென்பொருள்) இருந்தால் அது செய்திகளைச் சேர்த்து வைத்துத் தாமதமாக அனுப்பக்கூடும். 'ப்ராக்ஸி பஃபரிங்'கை ஆஃப் செய்யுங்கள். 60 நொடி எதுவும் போகாவிட்டால் இணைப்பையே வெட்டிவிடும். 15 நொடிக்கு ஒருமுறை முக்காற்புள்ளியில் தொடங்கும் ஒரு வரியை அனுப்புங்கள். பிரவுசர் அதைக் கண்டுகொள்ளாது, இணைப்பு மட்டும் உயிரோடு இருக்கும்.

கடைசியாக, அதே பக்கத்தை ஏழு டேபில் திறந்து பாருங்கள். எச்டிடிபி 1.1 என்றால் ஏழாவது சுற்றிக்கொண்டே நிற்கும். ஒரு தளத்துக்கு ஆறு இணைப்புதான் பிரவுசர் தரும். என்ஜின்எக்ஸில் எச்டிடிபிஎஸ்ஸோடு எச்டிடிபி 2 போட்டால் ஏழாவதிலும் எண் வந்துவிடும்.