அப்பாவுக்குச் செய்த எழுத்து அட்டை

செங்கோட்டையிலிருந்து புளியரை செக்போஸ்ட் தாண்டி வைக்கோல் லோடு அடித்தவர் அப்பா. மூளைத்தண்டில் பக்கவாதம் வந்து கை, கால், நாக்கு எல்லாம் போயிற்று. காது நன்றாகக் கேட்கும், புத்தி தெளிவு. கண்ணை மேலும் கீழும் அசைப்பார், இமைப்பார். அவ்வளவுதான்.

இதே நிலையில் இருந்த பிரெஞ்சுப் பத்திரிகையாசிரியர் ழான்-தொமினிக் போபியின் கதைதான் 2007இல் வந்த ‘தி டைவிங் பெல் அண்ட் தி பட்டர்ஃப்ளை’ படம். 1995 டிசம்பரில், 43 வயதில் படுத்தவர், இடது கண்ணை இமைத்தே ஒரு புத்தகம் எழுதவைத்தார். எதிரே இருப்பவர் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்ல, வேண்டியது வந்ததும் இமைப்பார். பிரெஞ்சில் அதிகம் புழங்கும் எழுத்து முதலில் வரும். படம் பார்த்த அன்றே நானும் 247 எழுத்தையும் எழுதி உட்கார்ந்தேன். ‘ப’ வரிசை வருவதற்குள் அப்பா தூங்கிவிட்டார்.

அப்புறம்தான் பள்ளிக்கூடத்தில் பாடிப் படித்தது ஞாபகம் வந்தது. தமிழில் பங்கு பிரித்தே வைத்திருக்கிறார்கள். பழைய தினசரி காலண்டர் அட்டையின் பின்பக்கம், தடித்த மார்க்கரால் நான்கு வரி எழுதுங்கள்.

1. க ச ட த ப ற
2. ங ஞ ண ந ம ன
3. ய ர ல வ ழ ள
4. அ முதல் ஔ வரை

ஓரத்தில் வலி, சளி, திருப்பு, கொசு. சிரிக்காதீர்கள், அப்பா முதலில் சொன்ன சொல்லே கொசுதான். மூக்கு நுனியில் உட்கார்ந்திருந்தது.

அட்டைக்கு முன்னால் ‘ஆமாம்’, ‘இல்லை’ இரண்டையும் உறுதி செய்துகொள்ளுங்கள். மேலே பார்த்தால் ஆமாம், கீழே பார்த்தால் இல்லை என்று வைத்தோம். இமைப்பதை வைத்தால், தானாக இமைப்பதும் பதிலாகிவிடும். விடை தெரிந்த கேள்வியாகவே கேட்டுப் பழக்குங்கள்: “நம்ம ஊர் தென்காசியா? செங்கோட்டையா?” ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள், உங்கள் முகம் அவருக்கு இருட்டாகத் தெரியும். கத்தவும் வேண்டாம்.

இனி, “ஒன்றா? இரண்டா?” என்று வரியைக் கேளுங்கள். மேலே பார்த்ததும் அந்த வரியின் எழுத்துகளைச் சொல்லுங்கள். மெய்யை மட்டும் பிடித்தால் போதும், க-ச என்றால் கொசு. உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு நான்காம் வரி. ‘ஜ’ வந்தால் ‘ச’ என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அவசரப்பட்டு முடித்துவைக்காதீர்கள். ப-ல் என்றதும் அண்ணன் பால் என்று ஓடினான். சாப்பாடு கொடுக்கும் குழாயில் ஒரு டம்ளர் விட்டான். அப்பா மறுபடி ப-ல். இன்னொரு டம்ளர்! கண் இரண்டும் நிரம்பியபோதுதான் நான்காம் வரிக்குப் போய்க் கேட்டேன். ‘ஆ’ இல்லை, ‘அ’. பல். கடைவாயில் சொத்தை. சந்தேகம் இருந்தால் உயிரெழுத்தையும் கேட்டுவிடுங்கள், ஒரு நிமிஷம்தான் கூடும்.

எங்கள் ஹோம் நர்ஸ் புனலூர்க்காரி, தமிழ் வாசிக்க வராது. ஒவ்வொரு எழுத்தின் கீழும் மலையாள எழுத்தைப் பொடியாக எழுதிக்கொண்டாள். அப்பா அவளிடம் மலையாளத்திலேயே பேசுகிறார். வ-ள்-ள-ம் என்று நோட்டில் பார்த்த அம்மா, குற்றாலத்தில் வெள்ளமோ என்று டிவியைப் போட்டாள். அவர் கேட்டது தண்ணீர், உதட்டை நனைக்க.

நோட்டு கட்டாயம் வேண்டும். நாலாவது எழுத்து வரும்போது முதல் எழுத்து நமக்கே மறந்துவிடும். களைத்தால் கண் சொருகும், உடனே நிறுத்துங்கள்.

நேற்றுப் பக்கத்தில் ட-ய-ர் என்று இருக்கிறது. லாரியை விற்று எட்டு மாதம் ஆகிறது. வாங்கியவன் பின் டயரை மாற்றினானா என்று கேட்கிறார். போன் போட்டுக் கேட்டேன், மாற்றவில்லையாம். இன்னும் அப்பாவிடம் சொல்லவில்லை.