பெட்டி பிரிக்காத பழைய 386 கம்ப்யூட்டர் வாங்கினால், பிளக்கில் சொருகும் முன்

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர், "மகனுக்கு 1992-இல் வாங்கினது, அவன் கோலாலம்பூர் போயிட்டான், பெட்டியே பிரிக்கல, எடுத்துக்கிறியா தம்பி?" என்று கேட்டார். 150 ரிங்கிட்டுக்கு முடிந்தது. இப்போது என் மேசையில் நன்றாக ஓடுகிறது. ஆனால் இதற்கு முன் வாங்கிய ஒன்றை என் கையாலேயே எரித்திருக்கிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பயன்படுத்தாத கம்ப்யூட்டர் புதுசு இல்லை. மின்சாரமே படாமல் வருடக்கணக்கில் கிடந்தால் கெப்பாசிட்டருக்குள் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சின்னப் பாகம்) இருக்கும் ஆக்சைடு படலம் கெட்டுப்போகும், பேட்டரி கசியும். நம் ஊர் ஈரக்காற்று வேறு. எனவே விற்பவர் "ஓட்டிக் காட்டுறேன்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டார்ச்சும் ஸ்குரூ டிரைவரும் கொண்டுபோய், மூடியைக் கழற்றி மோந்து பாருங்கள். மீன் வாடை அடித்தால் கெப்பாசிட்டர் கசிந்திருக்கலாம். துருவும் பல்லி முட்டையும் துடைத்தால் போகும்.

அடுத்தது பேட்டரி. அந்தக் காலத்து மதர்போர்டுகளில் (எல்லாப் பாகமும் இணையும் பெரிய போர்டு) பெரும்பாலும் சின்னப் பீப்பாய் மாதிரி 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி ஒட்டியிருக்கும். பச்சை படிந்திருந்தாலும் படியாவிட்டாலும் அதை வெட்டி எடுத்துவிடுங்கள். கசிவது காரம், அதனால் வெள்ளை வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, தண்ணீர் தொட்டு வினிகரை எடுத்து, கடைசியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போட்டு, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள்.

வீட்டு மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பவர் சப்ளையின் பின்பக்கம் 115 / 230 என்று ஒரு தள்ளு சுவிட்ச் இருக்கும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், பழையவர்கள் 240 என்பார்கள். அது 115-இல் இருக்கும்போது சொருகினால் உள்ளே வெடிக்கும். பவர் சப்ளை பெட்டியை மட்டும் நீங்களே திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். டிவி ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்து, மெயின்ஸ் பக்கம், அதாவது வீட்டு மின்சாரம் நுழையும் பக்கம், வெடிப்பு விட்ட, தேன் நிறத்து கெப்பாசிட்டர் இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். பழுதானால் வீடு முழுக்கப் புகை கக்குவது அதுதான்.

சரி, இப்போது நான் மாட்டிக்கொண்ட இடம். 1995-இல் ஏடிஎக்ஸ் என்ற புது வகை வருவதற்கு முந்தைய பவர் சப்ளைகளில், மதர்போர்டுக்குப் போகும் வயர் பி8, பி9 என்று இரண்டு துண்டாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஆறு கம்பி, இரண்டும் ஒரே அச்சு, இடம் மாற்றிச் சொருகினாலும் உட்கார்ந்துவிடும். நான் அப்படித்தான் சொருகினேன். சுவிட்சைப் போட்டதும் 'டப்' என்று ஒரு சத்தம், கருகிய வாடை, போர்டு போய்விட்டது. ஞாபகம் வைக்க வேண்டியது ஒன்றுதான்: இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கறுப்பு வயர்கள் நான்கும் நடுவில் சேர்ந்திருக்க வேண்டும். கழற்றும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், மாட்டிய பிறகு அந்தப் படத்தோடு ஒப்பிடுங்கள்.

ஆனால் மாட்டுவதற்கு முன் அளக்க வேண்டும். இந்த வகை சப்ளை சுமை இல்லாமல் ஒழுங்காக ஓடாது, அதனால் ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் பிளக்கில் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே 12 வோல்ட் 21 வாட் கார் சிக்னல் பல்ப் ஒன்றைக் கட்டுவேன், மங்கலாக எரியும். மெயின்ஸ் வழியில் 60 வாட் குண்டு பல்ப் ஒன்றைத் தொடரில் போட்டுக்கொள்ளுங்கள். எல்இடி உதவாது, ஈப்போவில் தேடி அலைந்தாவது பழைய இழை பல்பே வாங்குங்கள். சுவிட்சைப் போட்டதும் இந்தக் குண்டு பல்ப் மின்னி அடங்கினால் நல்லது. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், உடனே நிறுத்துங்கள். அடங்கிவிட்டால் அதை எடுத்துவிட்டு நேராக மின்சாரம் கொடுத்து மீட்டரில் அளந்து பாருங்கள். சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரை இருக்கணும். மீட்டர் டிஜிட்டலாக, தானாகவே ரேஞ்ச் மாற்றிக்கொள்வதாக இருக்கட்டும். முள் மீட்டரில் இந்தச் சின்ன வித்தியாசத்தைப் படிப்பது கஷ்டம்.

பிறகு போர்டும் டிஸ்ப்ளே கார்டும் மட்டும் வைத்து ஓட்டுங்கள், ஹார்ட் டிஸ்க் கடைசியில். மானிட்டரை எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள்.

பிறகு சேர்த்தது: முன்பக்க பவர் பட்டனில் ஷாக் அடித்ததாக ஒருவர் எழுதியிருந்தார். சொல்ல விட்டுப்போனது, மன்னிக்கவும். இந்த வகையில் பல பெட்டிகளில் அந்தப் பட்டனுக்கே 230 வோல்ட் நேராக வருகிறது. மூடி திறந்திருக்கும்போது அதன் முனைகளில் ரப்பர் உறை இருக்கிறதா பாருங்கள், தொடும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள்.

இன்னொருவர், பேட்டரியை எடுத்ததும் ஒவ்வொரு முறையும் செட்டப் (ஹார்ட் டிஸ்க் போன்ற விவரங்களைக் கொடுக்கும் திரை) கேட்கிறதே என்றார். கேட்கும்தான். ஹார்ட் டிஸ்க்கின் சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களை எழுதி மூடியின் உட்புறம் ஒட்டி வையுங்கள். போர்டில் வெளி பேட்டரிக்கு நான்கு ஊசி இருந்தால், ஜம்பரை (ஊசிகளை இணைக்கும் சின்ன மூடி) மாற்றிவிட்டு மூன்று ஏஏ பேட்டரிப் பெட்டியை நீள வயரில் இணைத்து, போர்டிலிருந்து தள்ளி வையுங்கள்.