போட்டோப்பிரதியும் பதிப்புரிமையும்: புதிய விரிவுரையாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் கல்வியாண்டு தொடங்கும் ஒவ்வொரு முறையும், அண்மையில் நியமனம் பெற்ற விரிவுரையாளர்கள் வாசிப்புப் பட்டியலைக் கையில் ஏந்திக்கொண்டு எங்கள் நூலகத்தின் உசாத்துணைப் பகுதிக்கு வருகிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளும் கேட்காமலேயே செய்துவிடும் காரியங்களும் எங்கள் தலைமுறையினர் செய்தவற்றிலிருந்து சற்றும் மாறவில்லை. முழுப் புத்தகத்தையும் பிரதியெடுத்து விற்கக் கூடாது, நூலாசிரியரின் பெயரை மறைக்கக் கூடாது என்பன எல்லோரும் அறிந்தவை. ஆகவே, நல்ல நோக்கத்தோடு செய்யப்படும் பிழைகளைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பத்து வீதம் வரை எடுக்கலாம் என்று நம்புவது

எங்கள் நாட்டில் இவ்விடயத்தை ஆளும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் அப்படியொரு வீதம் எங்குமே இல்லை. அது அவுஸ்திரேலியச் சட்டத்திலும் வேறு சில நாடுகளின் வழிகாட்டல்களிலும் உள்ள கணக்கு. அங்கே பட்டப்பின் படிப்பை முடித்தவர்கள் பெட்டியோடு சேர்த்து அதையும் கொண்டுவந்துவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். நமது சட்டத்தின் 11ஆம் பிரிவு, நியாயமான பயன்பாட்டைத் தீர்மானிப்பதற்கு நான்கு விடயங்களைப் பார்க்கச் சொல்கிறது: பயன்பாட்டின் நோக்கம் வணிகமா, இலாபம் கருதாத கல்வியா என்பது, ஆக்கத்தின் தன்மை, எடுக்கப்பட்ட பகுதியின் அளவும் முக்கியத்துவமும், அந்த ஆக்கத்தின் சந்தைக்கு அதனால் நேரும் பாதிப்பு. நானூறு பக்கப் புள்ளிவிபரவியல் நூலொன்றை மக்கள் வாங்குவதே அதன் இறுதியிலுள்ள சில அட்டவணைகளுக்காக என்றால், அந்தச் சில பக்கங்களை மட்டும் எடுத்தாலும் நூலின் உயிரையே எடுத்ததாக வாதிட இடமுண்டு.

கடையில் விட்டுவைக்கும் மூலப்பிரதி

இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் என்னை எரிச்சலூட்டும் தவறு இதுவே. விரிவுரையாளர் ஒருவர் ஆறேழு நூல்களிலிருந்து ஒவ்வோர் அத்தியாயத்தை எடுத்து, ஒழுங்குபடுத்தி, மேலே பாடநெறியின் இலக்கத்தை எழுதி, வாசலுக்கு எதிரேயுள்ள போட்டோப்பிரதிக் கடையில் கொடுத்துவிட்டு, மாணவர்களை அங்கே போய் வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். அடுத்த ஆண்டு அதிலே இன்னும் இரண்டு அத்தியாயங்கள் சேர்கின்றன. அதற்கடுத்த ஆண்டு விரிவுரையாளர் மாறினாலும் கட்டு மாறுவதில்லை. கடைக்காரர் ஸ்பைரல் போட்டு, அட்டை கட்டி, விலை எழுதி அடுக்கி வைக்கிறார். கடைசியில் அது எவரும் பதிப்பிக்காத ஒரு பாடநூலாகவே ஆகிவிடுகிறது.

சட்டம் ஆசிரியர்களுக்கு எதிரானதன்று. வகுப்பறைப் பயன்பாட்டுக்காகப் பல பிரதிகள் எடுப்பது உட்படக் கற்பித்தல் நியாயமான பயன்பாட்டின் நோக்கங்களுள் ஒன்றாகலாம் என்று 11ஆம் பிரிவே கூறுகிறது. 12ஆம் பிரிவு இன்னும் தெளிவாக, நேர்முகக் கற்பித்தலுக்காகக் கட்டுரைகளையும் சிறு ஆக்கங்களையும் நூல்களின் சிறு பகுதிகளையும் பிரதியெடுக்க இடமளிக்கிறது. ஆனால் நிபந்தனைகள் உண்டு. கல்வி நிறுவனத்தின் செயற்பாடு நேரடியாகவோ மறைமுகமாகவோ வணிக இலாபத்துக்கானதாக இருக்கக் கூடாது. பிரதியெடுத்தல் ஒரு தனிச் சந்தர்ப்பமாக இருக்க வேண்டும், மீண்டும் நிகழ்ந்தால் முன்னையதோடு தொடர்பற்ற வேறொரு சந்தர்ப்பமாக இருக்க வேண்டும். அத்தகைய பிரதியெடுத்தலுக்குக் கூட்டு உரிமம், அதாவது பல உரிமையாளர்களின் சார்பில் ஓர் அமைப்பு ஒருசேர வழங்கும் அனுமதி, கிடைக்கக்கூடியதாக இருந்தால் இந்தச் சலுகை பொருந்தாது. மூலமும் ஆசிரியர் பெயரும் குறிக்கப்பட வேண்டும். ஆண்டுதோறும் அதே பாடநெறிக்கு, அதே கட்டை, அதே கடை விற்கும்போது இரண்டாவது நிபந்தனை முறிந்துவிடுகிறது. கட்டணம் வாங்கி வெளிநாட்டுப் பட்டப்படிப்பு நடத்தும் நிறுவனங்கள் பல, முதலாவது நிபந்தனையிலேயே தடுக்கி விழும்.

அத்தகைய தனியார் நிறுவனமொன்றில் புதிதாகச் சேர்ந்த இளம் விரிவுரையாளர் ஒருவர் தன் கட்டை என்னிடம் காட்டியபோது, அதிலே ஒரே பாடநூலிலிருந்து மட்டும் ஐந்து அத்தியாயங்கள் இருந்தன. நான் மேற்சொன்னவற்றைச் சொன்னேன். "டெல்லியில் பல்கலைக்கழகம் வென்றுவிட்டதே, மிஸ்" என்றார். பரீட்சைக்குச் சில வாரங்களே இருக்கையில் வெளியீட்டாளர் சார்பில் சட்டத்தரணியின் கடிதம் வந்தது. நிர்வாகம் கட்டை ஒரே நாளில் மீளப் பெற்றது. பணம் கொடுத்து வாங்கிய மாணவர்களுக்கு அதைத் திருப்பிக் கொடுப்பார் எவருமில்லை. கடைக்காரரோ, தனக்குச் சொல்லப்பட்டதைச் செய்தவன் மட்டுமே தான் என்றார். அந்த மாணவர்கள் பாடநூலைத் தேடி நூலகத்துக்கு வந்தார்கள். எங்களிடம் இருந்தவை இரண்டே பிரதிகள். கட்டு இருக்கிறதே என்ற எண்ணத்தில் கூடுதல் பிரதிகளை வாங்கச் சொல்லி எவரும் எங்களிடம் கேட்டிருக்கவில்லை.

டெல்லி வழக்கைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் எல்லோரும் அதையே மந்திரம்போல் உச்சரிக்கிறார்கள். ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், டெய்லர் அன்ட் பிரான்சிஸ் ஆகிய வெளியீட்டாளர்கள் டெல்லிப் பல்கலைக்கழகத்துக்கும் அதன் வளாகத்திலிருந்த ராமேஸ்வரி போட்டோப்பிரதிக் கடைக்கும் எதிராகத் தொடுத்த வழக்கை, 2016 செப்டெம்பரில் தனி நீதிபதி தள்ளுபடி செய்தார். அவ்வாண்டு டிசெம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, அக்கட்டிலுள்ள பகுதிகள் கற்பித்தலுக்கு அவசியமானவையா என்பதை விசாரிக்கும்படி வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2017இல் வெளியீட்டாளர்கள் தாங்களாகவே வழக்கைக் கைவிட்டார்கள். அந்தத் தீர்ப்புகள் நின்றது இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ செய்யும் பிரதியெடுத்தலுக்கென அமைந்த விதிவிலக்கின் மேல். அந்த வாசகம் நமது சட்டத்தில் இல்லை. நமது 11ஆம் பிரிவு, சொல்லுக்குச் சொல் நெருக்கமாக, அமெரிக்கச் சட்டத்தின் நியாயமான பயன்பாட்டுப் பிரிவைப் பின்பற்றுகிறது. அமெரிக்காவிலோ 1991இல் நியூயோர்க்கில் கின்கோஸ் நிறுவனத்துக்கு எதிராகவும், 1996இல் மிச்சிகனில் இன்னொரு பிரதிக் கடைக்கு எதிராகவும், பாடநெறிக் கட்டுகளை அனுமதியின்றி விற்றதற்காகவே தீர்ப்புகள் வந்தன. இந்த வெளிநாட்டுத் தீர்ப்புகள் எவையும் கொழும்பு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தமாட்டா. ஆயினும் பக்கத்து வீட்டுச் சாவியை வைத்துக்கொண்டு நம் வீட்டுப் பூட்டைத் திறக்க முயல்பவர்கள், எந்தச் சாவி நம் பூட்டுக்குக் கிட்டியது என்றாவது பார்க்க வேண்டாமா?

வேண்டுமென்றே உரிமையை மீறுவது குற்றவியல் விடயமும் ஆகும்: 178ஆம் பிரிவின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் ஐந்து இலட்சம் ரூபா வரையான தண்டப்பணமோ, ஆறு மாதம் வரையான சிறைத்தண்டனையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். எச்சரிக்கைக் கடிதம் வந்த பின்னும் கட்டைத் தொடர்ந்து விற்பவருக்கு, தெரியாமல் செய்தேன் என்று சொல்லும் வழி குறுகிவிடும் என்பது என் கருத்து.

மாற்று வழிகள் கடினமானவையல்ல. தென்னாசியாவுக்கென மலிவு விலையில் அச்சிடப்படும் பதிப்பு பல பாடநூல்களுக்கு உண்டு. 2022இன் நெருக்கடிக்குப் பின் கடதாசி விற்கும் விலையில், தடித்த கட்டொன்றைவிட அது மலிவாகவும் அமையலாம். வாசிப்புப் பட்டியலைத் தவணை தொடங்குவதற்கு நன்கு முன்னதாகவே நூலகத்துக்குத் தந்தால், கூடுதல் பிரதிகளை வாங்கி உசாத்துணைப் பகுதியில் வைத்து ஓரிரவுக் கடனாக வழங்க முடியும். ஓர் அத்தியாயம் கட்டாயம் தேவையென்றால் வெளியீட்டாளருக்கு எழுதிக் கேளுங்கள். எந்த நூல், எந்தப் பக்கங்கள், எத்தனை மாணவர்கள், எந்தத் தவணை என்று திருத்தமாக எழுதும் கடிதத்துக்கே பதில் வருகிறது.

அச்சில் இல்லாத நூல் என்று சொல்லி முழுவதையும் எடுப்பது

அச்சில் இல்லை என்பதால் பதிப்புரிமை இல்லாமற் போவதில்லை.

பழைய நூல், ஆகவே இலவசம்

ஆசிரியரின் வாழ்நாளும் அவர் மறைந்து எழுபது ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. சுவாமி விபுலாநந்தர் 1947இல் மறைந்தார். அவரது எழுத்தை இன்று தாராளமாகப் பிரதியெடுக்கலாம். ஆனால் அவரது நூலுக்கு அண்மையில் ஒருவர் எழுதிச் சேர்த்த நீண்ட முன்னுரையும் அடிக்குறிப்புகளும் அவருடையவை அல்ல. சங்க இலக்கியத்திலும் இதே நிலைதான்: பாட்டுக்கு உரிமையாளர் இல்லை, சென்ற தலைமுறையில் எழுதப்பட்ட உரைக்கு உண்டு. தமிழ்த்துறையில் பிரதியெடுக்கப்படுவது பெரும்பாலும் உரையே என்பதால், அங்குள்ளவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

மாணவரின் சொந்தப் பிரதி என்ற போர்வை

ஒருவர் தன் சொந்தத் தேவைக்காக ஒரேயொரு பிரதி எடுக்கலாம் என்பது உண்மை. ஆனால் முழு நூலையோ அதன் கணிசமான பகுதியையோ போட்டோப்பிரதி எடுப்பதை அந்தச் சலுகை உள்ளடக்காது. நூறு மாணவர்களின் சார்பில் வகுப்புப் பிரதிநிதி ஒருவர் நூறு பிரதிகளுக்குச் சொல்லிவைப்பது எவருடைய சொந்தப் பிரதியும் அன்று.

வட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப்

கடதாசி இல்லையென்பதால் பிரதியும் இல்லை என்று ஆகாது. நூலகம் சந்தா செலுத்தும் தரவுத்தளத்திலுள்ள கட்டுரையாயின் இணைப்பை மட்டும் அனுப்புங்கள். கோப்பை இறக்கி வெளியே பரப்புவது பெரும்பாலும் அந்தச் சந்தா ஒப்பந்தத்தையும் மீறும். அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியவர்கள் நூலகத்தார்.

தேவையற்ற இடத்தில் அனுமதி கேட்பது

பயத்தினால் மறுபக்கம் சாய்பவர்களும் உண்டு. சட்டமூலங்களின் நகல் வேண்டி அரச திணைக்களத்துக்கு அனுமதிக் கடிதம் எழுதி, பதில் வரும் வரை பாடத்தை ஒத்திவைத்தவரைப் பார்த்திருக்கிறேன். சட்டவாக்க, நிருவாக, சட்டத் தன்மையுள்ள உத்தியோகபூர்வ வாசகங்களுக்கும் அவற்றின் உத்தியோகபூர்வ மொழிபெயர்ப்புகளுக்கும் நமது சட்டம் பாதுகாப்பு அளிப்பதில்லை. பாராளுமன்றச் சட்டத்தின் தமிழ் வாசகத்தை வகுப்பு முழுவதற்கும் பிரதியெடுத்துக் கொடுக்கலாம். தனியார் வெளியிடும் சட்டத் தொகுப்பிலிருந்து எடுப்பதாயின், தொகுப்பாசிரியர் எழுதிய சுருக்கத்தையும் விளக்கக் குறிப்புகளையும் விட்டு, சட்ட வாசகத்தை மட்டும் எடுங்கள்.