ஓர் இலக்கை வைத்து முடிப்பது எப்படி: வெள்ளவத்தையிலிருந்து கோட்டை வரை ஐந்து எழுத்து

கொழும்பில் பிறந்து கொழும்பிலேயே 52 வயதான எனக்கு, 2023ஆம் ஆண்டு சித்திரை வரை சிங்களம் வாசிக்கத் தெரியாது. பேசத் தெரியும். மீன் வாங்கவும், முச்சக்கர வண்டிக்காரருடன் வாடகைக்குச் சண்டை பிடிக்கவும் போதுமான சிங்களம் இருந்தது. எழுத்து என்று வந்தால் கைநாட்டுக்காரிதான்.

அடையாள அட்டை தொலைந்துபோய் ஓர் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தபோது அது உறைத்தது. நான் சொல்லச் சொல்ல அந்த மனிதர் சிங்களத்தில் எழுதினார். காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தேன். வீட்டுக்கு வந்து மகளிடம் பிரதியைக் கொடுத்தால், "அம்மா, நீங்கள் பஸ்ஸிலே தொலைத்ததாக எழுதியிருக்கிறதே" என்றாள். நான் தொலைத்தது சந்தையில். நான் சொல்லாத ஒன்றுக்கு நானே ஒப்பமிட்டிருந்தேன்.

என் அப்பா அரச எழுதுவினைஞர். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்த பிறகு, சிங்களப் பரீட்சை எழுதமாட்டேன் என்று நின்றவர். எங்கள் வீட்டுக்குள் சிங்களப் புத்தகம் நுழைந்ததில்லை. அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும் என் முறைப்பாட்டை நானே வாசிக்க வேண்டும் என்ற ஆசைக்கு அந்த நியாயம் குறுக்கே நிற்கக்கூடாது என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்வது சுலபம். அந்த ஜனவரி முதலாம் திகதியே ஒரு புதுச் சீஆர் கொப்பி வாங்கி, முதற் பக்கத்தில் "இந்த வருடம் சிங்களம் படிப்பேன்" என்று எழுதிச் சிவப்பு மையால் அடிக்கோடும் இட்டிருந்தேன். தைப்பொங்கலுக்குப் பால் பொங்குவதற்குள் அந்தக் கொப்பி பால்மாக் கணக்குக் கொப்பியாகிவிட்டது. சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு இரண்டாம் முறை தொடங்கியபோது செய்தவற்றைத்தான் இங்கே சொல்கிறேன். உங்கள் இலக்கு உடம்பைக் குறைப்பதாக இருக்கலாம், கடன் அடைப்பதாக இருக்கலாம். வேலை ஒன்றுதான்.

முதலில் வாக்கியத்தைத் திருத்துங்கள்

"சிங்களம் படிப்பேன்" என்பது இலக்கே அல்ல, நல்லெண்ணம். நான் புறக்கோட்டையில் ஒரு புடவைக்கடையில் கணக்கு எழுதுபவள். "இந்த மாதம் நன்றாக விற்போம்" என்று முதலாளி சொன்னால் அதை எந்தப் பேரேட்டிலும் பதிய முடியாது. எனவே ஒரு சோதனை வைத்துக்கொண்டேன்: பக்கத்தில் நிற்கும் ஒருவர் பார்த்துவிட்டு "ஆம்" அல்லது "இல்லை" என்று ஒரே சொல்லில் சொல்ல முடியுமா?

திருத்திய வாக்கியம் இது: "தீபாவளிக்கு முன், ஒரு சிங்களப் பத்திரிகையின் முதற் பக்கத்தில் ஐந்து தலைப்புகளை உரக்க வாசிப்பேன், மகள் பக்கத்திலிருந்து சரி பிழை சொல்வாள்." எழுதுவதை விட்டுவிட்டேன். இலக்கணத்தையும் விட்டுவிட்டேன். எனக்கு வேண்டியது வாசிப்பு. பணம் சேர்க்க நினைப்பவர் "சிக்கனமாக இருப்பேன்" என்று எழுதாமல் "அடுத்த சித்திரைக்குள் 60,000 ரூபாய்" என்று எழுத வேண்டும். அப்போதுதான் மாதம் 5,000 என்ற கணக்கு தானாக விழும். அது உங்கள் சம்பளத்துக்குள் அடங்குமா என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும்.

நேரத்தைப் புதிதாகத் தேடாதீர்கள்

ஜனவரியில் நான் செய்த பெரிய பிழை, "இரவு சமையல் முடிந்து ஒரு மணிநேரம்" என்று வைத்தது. இரவு சமையல் முடிந்த பிறகு என்னிடம் மிஞ்சுவது கொட்டாவி மட்டும்தான். பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1999இல் எழுதிய ஒரு கட்டுரை இதைத் தெளிவாகச் சொல்கிறது: "செய்ய வேண்டும்" என்று மட்டும் நினைப்பவர்களைவிட, "இது நடந்ததும் அதைச் செய்வேன்" என்று இடத்தையும் வேளையையும் முன்கூட்டியே கட்டி வைப்பவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள். வேளை வந்ததும் மனதோடு வாதாட வேண்டியதில்லை என்பதுதான் அதன் சூட்சுமம்.

என் வாழ்க்கையில் தவறாமல் நடக்கும் காரியம் காலை ரயில். வெள்ளவத்தையில் ஏறினால் பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு, பிறகு கோட்டை. ஆகவே இப்படி எழுதினேன்: "ரயில் வெள்ளவத்தையை விட்டு நகர்ந்ததும் கைப்பையின் முன் அறையிலிருந்து அட்டைகளை எடுப்பேன்." உட்கார இடம் கிடைத்ததும் என்று எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்த நேரத்து ரயிலில் இடம் கிடைப்பது கந்தசுவாமியின் அருள். நின்றுகொண்டும் செய்யக்கூடியதாகத்தான் வேலையை வெட்டிக்கொள்ள வேண்டும்.

அட்டைக்குக் காசு செலவில்லை. எந்தத் தமிழ் வீட்டிலும் பழைய கல்யாணப் பத்திரிகைகள் ஒரு கட்டு இருக்கும். எறியவும் மனம் வராது, வைத்திருந்தும் பயனில்லை. அவற்றைத் தீப்பெட்டி அளவுக்கு வெட்டினேன். ஒரு பக்கத்தில் சிங்கள எழுத்து, மறுபக்கத்தில் தமிழ். வாரத்துக்கு ஐந்து எழுத்து, அவ்வளவுதான். ஐந்து என்பது வெட்கப்படும் அளவுக்குச் சிறியது என்று மகள் சிரித்தாள். வெட்கப்படும் அளவுக்குச் சிறியதாக இருந்ததால்தான் காய்ச்சலோடு வேலைக்குப் போன நாளிலும் செய்ய முடிந்தது.

எனக்குப் பாடப் புத்தகமாக இருந்தவை நிலையப் பெயர்ப் பலகைகள். மூன்று மொழியிலும் எழுதியிருக்கும். தமிழில் என்னவென்று தெரியும், எனவே சிங்களத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதும் தெரியும். முதல் வாரத்தில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. பம்பலப்பிட்டியும் கொள்ளுப்பிட்டியும் சிங்களத்தில் ஒரே மூன்று எழுத்துகளில் முடிகின்றன: பி, டி, ய. முதல் இரண்டின் தலையிலும் ஒரு சின்னத் தொப்பி. அதற்கு இஸ்பில்ல என்று பெயர், நம் இகரக் கொக்கியைப் போல. அடுத்தடுத்த இரண்டு நிலையங்களில் ஒரே பாடம்! ரயில் கொள்ளுப்பிட்டியில் நிற்பதற்குள் பம்பலப்பிட்டியில் படித்ததைச் சரிபார்த்துவிடலாம். வெள்ளவத்தைப் பலகையில் இன்னொன்று: நாம் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதுபோல, அங்கே எழுத்தின் தலையில் ஒரு கொடி பறக்கிறது. வகரமும் சகரமும் மட்டும் இரட்டைப் பிள்ளைகள். இன்றைக்கும் அவசரத்தில் மாற்றி வாசிப்பேன்.

இதிலிருந்து உங்களுக்கு எடுக்கக்கூடியது: நீங்கள் ஏற்கெனவே தினமும் கடக்கும் வழியில் உங்கள் இலக்கின் ஒரு துண்டு கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் பாதி வேலை முடிந்தது.

தடையையும் சேர்த்து எழுதுங்கள்

2022இல் கைப்பேசியில் காணொளி பார்த்து யோகாசனம் செய்வது என்று தொடங்கினேன். அந்த வருடம் மார்ச் முடிவில் மின்வெட்டு ஒரு நாளுக்கு 13 மணிநேரம் வரை போனது. கைப்பேசி செத்தது, யோகாசனமும் செத்தது. மின்சாரத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மின்சாரம் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று நான் எழுதி வைக்கவில்லை. இம்முறை எழுதினேன்: "ரயில் ஓடாவிட்டால் 100ஆம் இலக்க பஸ். பஸ்ஸில் அட்டை வேண்டாம். காலி வீதிக் கடைப் பெயர்ப் பலகைகளில் அந்த வாரத்து ஐந்து எழுத்தைத் தேடுவேன்."

அப்படியும் நாட்கள் தவறும். அம்மாவுக்கு நெஞ்சுச்சளி பிடித்த வாரத்தில் நான்கு நாட்கள் அட்டையைத் தொடவில்லை. இங்கேதான் பலர் கைவிடுகிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி கொலேஜில் பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு ஆறுதல் தந்தது. ஒரு செயல் பழக்கமாகப் படிய சராசரியாக 66 நாட்கள் பிடித்தன. ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாட்களிலிருந்து 254 நாட்கள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் குலைந்துவிடவில்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். 21 நாட்களில் எல்லாம் பழகிவிடும் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகருங்கள்.

என் சொந்த விதி ஒன்றும் உண்டு: தவறிய நாளின் வேலையை மறுநாள் சேர்த்துச் செய்யக்கூடாது. நான்கு நாள் பாக்கியையும் தூக்கிக்கொண்டு ரயில் ஏறியிருந்தால் ஐந்தாம் நாளும் போயிருக்கும். பாக்கியை முன்னே கொண்டுவருவது பேரேட்டுக்கு மட்டும்.

கால எல்லை விஷயத்திலும் கணக்குப்பிள்ளைக்கு அடி சறுக்கியது. அடிக்கடி வருகிற எழுத்துகள் நாற்பது, வாரம் ஐந்து, எட்டு வாரத்தில் முடியும் என்று கணக்குப் போட்டேன். பதினான்கு வாரம் பிடித்தது. கனடாவின் ரோஜர் பியூலரும் சகாக்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாட்கள் போதும் என்றார்கள். உண்மையில் 55 நாட்களுக்கு மேல் ஆனது. எனவே மனதில் தோன்றும் காலத்தை எழுதி, அதன் பாதியையும் கூட்டி, அதற்குப் பிறகு தான் வெளியே சொல்லுங்கள்.

யாரிடம் சொல்வது

ஜனவரியில் கடை முழுவதும் சொன்னேன். எல்லோரும் பாராட்டினார்கள். பாராட்டு கிடைத்துவிட்டதால் படித்த திருப்தியும் வந்துவிட்டது. இரண்டாம் முறை ஒரே ஒருவரிடம் சொன்னேன்: நிலையத்துக்குப் போகும் வழியில் தம்பிலி (செவ்விளநீர்) விற்கும் ஐயாவிடம். வேலை விட்டு வரும்போது தினமும் அவரைக் கடந்துதான் வர வேண்டும். "அக்கே, அத மொனவத கியெவ்வே?" என்று கேட்பார். இன்று என்ன வாசித்தாய் என்று. ஒன்றுமில்லை என்று சொல்ல நேர்ந்த நாட்களில் மறுபக்கத்து நடைபாதையால் போகலாமா என்று யோசித்திருக்கிறேன்.

நம் பெண்களுக்கு இது புதிதல்ல. வங்கியில் மாதம் 5,000 ரூபாய் போட முடியாதவள், பத்துப் பேர் சேர்ந்த சீட்டுக்கு 5,000 ரூபாயை எப்படியாவது புரட்டிக் கட்டிவிடுவாள். வட்டி ஒரு சதமும் இல்லை. கட்டாவிட்டால் அந்த மாதம் சீட்டு எடுக்க வேண்டியவளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அதுதான் காரணம். உங்கள் இலக்குக்கும் அப்படி ஒரு முகம் வேண்டும். கணவரோ மகளோ சரிவராது, அவர்கள் மன்னித்துவிடுவார்கள்.

போயா நாள் கணக்கு

மாதத்துக்கு ஒரு முறை திரும்பிப் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எந்த நாள் என்றுதான் மறந்துபோகும். இலங்கையில் அந்தக் கவலை இல்லை. பௌர்ணமி தோறும் போயா விடுமுறை. வங்கி மூடியிருக்கும், இறைச்சிக் கடை மூடியிருக்கும், எங்கள் கடையும் மூடியிருக்கும். காலைத் தேநீரோடு கொப்பியை எடுத்து மூன்று கேள்விகளுக்கு ஒவ்வொரு வரி எழுதுவேன். என்ன செய்தேன்? எது இடறியது? இந்த இலக்கு இன்னும் எனக்கு வேண்டுமா?

மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். பொசொன் போயாவன்று அந்தக் கேள்வியால்தான் மரைன் டிரைவில் காலை நடை என்ற இன்னோர் இலக்கைக் கொப்பியில் கோடிட்டு அடித்துவிட்டேன். அது மகளின் ஆசை. என் முழங்காலிடம் யாரும் கேட்கவில்லை. அடித்த அன்று ஒரு பாரம் இறங்கியது.

தீபாவளிக்கு என்னால் மூன்று தலைப்புகள்தான் வாசிக்க முடிந்தது. "இல்லை" என்று மகள் ஒரே சொல்லில் சொன்னாள். நத்தாருக்கு முந்திய வாரத்தில் ஐந்தையும் வாசித்தேன்; கடைசித் தலைப்பில் வகரத்தைச் சகரமாக்கியதை அவள் பெரிய மனதோடு விட்டுக்கொடுத்தாள்.

அன்று மாலை தம்பிலிக்காரரிடம் சொல்லப் போனேன். கையில் சில்லறை இல்லை. வழக்கம்போல, "நாளைக்குத் தருகிறேன் ஐயா" என்றேன். அவரும் வழக்கம்போலத் தலையாட்டிக் காயைச் சீவினார். வண்டியின் பக்கப் பலகையில் வெள்ளைச் சாயத்தில் ஏதோ எழுதியிருந்தது. வருடக்கணக்காக அங்கேதான் இருக்கிறது. பிட்டியவில் பார்த்த அதே டகரம், தொப்பியில்லாமல், மூன்று தடவை வந்திருந்தது. எழுத்துக் கூட்டினேன். அத அதட, ஹெட நயட. இன்று கைக்காசு, நாளை கடன்.

நான் வாசிப்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டுக்கத்தியைக் கீழே வைத்துவிட்டு, வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.