தம்பி, அந்த ‘ஆட்டோ’வை முதலில் அணையுங்கள்

பர்கூரிலிருந்து வந்த இரண்டு தம்பிகள், தாங்கள் எடுத்த இசைப்படத்தைப் போன வாரம் போட்டுக் காட்டினார்கள். கே.ஆர்.பி. அணை, விடியற்காலை, தென்பெண்ணை நீரின்மேல் மெல்லிய பனி, அடியில் சிந்தசைசரில் ஒரே சுருதி. கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. ஹெட்போனை மாட்டிய அரை நிமிடத்தில் எனக்குப் பழைய எரிச்சல் திரும்பிவிட்டது. கேமரா ஆட்டம், ஃபோகஸ் எல்லாம் அவர்களே கற்றுக்கொள்வார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். இப்படி இயற்கை ஓசையும் ஒரே சுருதியுமாக மெல்ல ஓடும் இசைப்படம் எடுக்க வருபவர்கள் வழக்கமாகச் செய்யும் மற்றத் தவறுகளைச் சொல்கிறேன்.

ஒலி அளவைக் கருவியிடம் ஒப்படைப்பது

வத்தல்மலையில் நானும் இதைத்தான் செய்தேன். காபித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்தடி, காலை ஐந்தரை மணி. இலையில் திரண்ட பனி, சருகின்மேல் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அதுதான் படத்தின் தாளம் என்று அங்கேயே முடிவுசெய்துவிட்டேன். ரெக்கார்டரில் ‘ஆட்டோ கெயின்’, அதாவது ஒலி அளவைக் கருவியே ஏற்றி இறக்கும் வசதி, ஓடியதைப் பார்க்கவில்லை.

அமைதியான இடத்தில் அது அளவை ஏற்றிக்கொண்டே போகும். மைக்கின் சொந்த இரைச்சலும் கூடவே ஏறும். எங்கோ ஒரு பைக் உறுமினால் சட்டென்று இறக்கிவிட்டு, மறுபடி மெல்ல ஏற்றும். தம்புரா சுருதியை அடியில் வைத்துக் கேட்டால் மலைக்கே இளைப்பு வந்ததுபோல் இருந்தது. பாட்டும் மேளமும் நிறைந்த படமானால் இது மறைந்துவிடும். நம் படத்தில் மறைய ஏது இடம்? இரைச்சல் நீக்கும் மென்பொருளைப் போட்டேன். இரைச்சலோடு சொட்டும் போய்விட்டது. மறுபடி மூன்று முறை மலையேறினேன். முதல் முறை காற்று, அடுத்த முறை மழை, மூன்றாம் முறை பனியே இல்லை. இப்போது படத்தில் கேட்பது, வீட்டுக் கொல்லையில் மாஞ்சருகின்மேல் குழாயைச் சொட்டவிட்டுப் பதிந்தது. அந்தக் காட்சி வரும்போது இன்றும் எழுந்து போய்விடுவேன்.

கெயினைக் கையால் வையுங்கள்: பதிவுத் தரம் 24 பிட், மிக உரத்த சத்தமும் ரெக்கார்டரின் அளவுகாட்டியில் -12 டெசிபலைத் தாண்டாமல். ஐந்து நிமிடம் அசையாமல் பதியுங்கள். சட்டை உரசினாலும் கேட்கும். 32 பிட் ஃப்ளோட் என்ற பதிவுமுறை இருக்கிறதே என்பார்கள். அது சத்தம் உடையாமல் காக்கும். மைக்கின் இரைச்சலைக் குறைக்காது.

44,100

ஒலியை நொடிக்கு எத்தனை மாதிரிகளாக எடுப்பது என்ற அளவு (சாம்பிள் ரேட்) இது. 44,100 சிடிக்கு. வீடியோவுக்கு 48,000.

அருவியோடு சண்டை

ஒகேனக்கல் அருவியின் ஓசை, கனத்த ஒலி முதல் கீச்சொலி வரை எல்லா அதிர்வெண்ணையும் அடைத்துக்கொள்ளும். அதன்மேல் புல்லாங்குழலை எவ்வளவு ஏற்றினாலும் பயனில்லை. தள்ளி நடந்து பாறை மறைவில் பதியுங்கள். சீறல் மங்கி அடிமுழக்கம் தங்கும். குழலுக்கு வழி கிடைக்கும்.

காட்டுக்குள் ட்ரோன் கேமரா

வனத்துறை அனுமதி இல்லாமல் வேண்டாம்.