மேக்ரோஃபேஜ் மீடியம் கொடுத்து ஸ்டெம் செல்லை எலும்புச் செல்லாக மாற்றும் முறை

சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் இந்தச் சோதனையைத் தொடங்குவதானால் முதலில் ஏசியைப் பாருங்கள். சாதாரண இன்குபேட்டருக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. அறை 32 டிகிரியைத் தாண்டினால் உள்ளே 37-ல் நிற்பது சந்தேகம். மூன்று வார வேலை இது. இரவிலும் ஏசி ஓடட்டும்.

எலும்பு முறிந்த இடத்தில் கூடும் மேக்ரோஃபேஜ்கள் (நோய் எதிர்ப்புச் செல்கள்) ஆன்கோஸ்டாட்டின் எம் என்ற புரதத்தைச் சுரக்கும். அது மீசன்கைமல் ஸ்டெம் செல்லில் (எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்புச் செல்லாக மாறக்கூடியது) ஸ்டாட்3 என்ற சமிக்ஞைப் புரதத்தைத் தூண்டி எலும்புப் பக்கம் திருப்புகிறது. அழற்சி சில நாளில் அடங்கினால் நல்லது; நீண்டால் டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதம் காரியத்தைக் கெடுத்துவிடும். அதனால்தான் மேக்ரோஃபேஜ் மீடியம் (மேக்ரோஃபேஜ் வளர்ந்த ஊட்டத் திரவம்) முதல் 3 நாளுக்கு மட்டும்.

மேக்ரோஃபேஜாக மாற்றக்கூடிய டிஎச்பி-1 என்ற மனித வெள்ளணு வகைச் செல்லைச் சதுர சென்டிமீட்டருக்கு 1 லட்சம் போட்டு, மி.லி.க்கு 100 நானோகிராம் பிஎம்ஏ (அந்த மாற்றத்தைத் தூண்டும் வேதிப்பொருள்) சேர்த்து 48 மணி நேரம் வையுங்கள். ஒட்டாதவற்றைக் கழுவிவிட்டு, பிஎம்ஏ இல்லாமல் ஒரு நாள் ஓய்வு. பிறகு மேக்ரோஃபேஜைத் தூண்ட எல்பிஎஸ் (பாக்டீரியாவின் வெளிச்சவ்வுப் பொருள்) மி.லி.க்கு 100 நானோகிராம், 6 மணி நேரம். பலர் சறுக்குவது இங்கேதான்: எல்பிஎஸ் கலந்த மீடியத்தையே ஸ்டெம் செல்லுக்கு ஊற்றிவிடுவார்கள். எல்பிஎஸ்ஸை உணரும் டிஎல்ஆர்4 ஏற்பி ஸ்டெம் செல்லிலும் உண்டு. கிடைத்த பலன் மேக்ரோஃபேஜால் வந்ததா, எல்பிஎஸ்ஸால் வந்ததா என்று சொல்லவே முடியாது. பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் மூன்று முறை கழுவி, புது மீடியம் ஊற்றி, 24 மணி நேரம் கழித்து அதை எடுங்கள். 300 ஜி-யில் 10 நிமிடம் சுழற்றி, 0.22 மைக்ரானில் வடிகட்டி, சிறு பங்குகளாக மைனஸ் 80-ல் வையுங்கள்.

ஸ்டெம் செல் பாசேஜ் (பிரித்து மறுபடி வளர்த்த தடவை) 5-க்குள் இருக்கட்டும். வளர்ப்புத் தட்டின் குழியில் செல் 80 சதவீதம் நிறைந்ததும் மேக்ரோஃபேஜ் மீடியமும் இருமடங்குச் செறிவுள்ள எலும்பாக்க மீடியமும் சம அளவு கலந்து ஊற்றுங்கள். கலந்தபின் டெக்ஸாமெத்தசோன் 100 நானோமோலார், அஸ்கார்பிக் ஆசிட் மி.லி.க்கு 50 மைக்ரோகிராம், பீட்டா கிளிசரோபாஸ்பேட் 10 மில்லிமோலார் இருக்க வேண்டும். இரு செல்களையும் ஒரே குழியில் வளர்த்தால் டெக்ஸாமெத்தசோன் மேக்ரோஃபேஜையே அடக்கிவிடும்; தனித்தனியாகச் செய்வது அதற்காகத்தான்.

4-ஆம் நாள் முதல் வெறும் எலும்பாக்க மீடியம், 3 நாளுக்கொருமுறை மாற்றவும். இரண்டு வாரம் தாண்டினால் செல் படலம் ஓரத்தில் சுருண்டு உரியும். குழியின் சுவரோரமாக, பாதி மீடியத்தை மட்டும் மாற்றுங்கள்.

7-ஆம் நாள் ஏஎல்பி (எலும்பாக்கத்தைக் காட்டும் நொதி) சோதனை, 21-ஆம் நாள் கால்சியத்தைச் சிவப்பாகக் காட்டும் 2 சதவீத அலிசரின் ரெட் சாயம், பிஎச் 4.2. கழுவ டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. நம்மூர் போர் தண்ணீரின் கால்சியமும் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். செல்லே இல்லாத குழி ஒன்றையும் கடைசிவரை இதேபோல் வைத்திருங்கள். அதுவும் சிவந்தால் நீங்கள் பார்ப்பது எலும்பு அல்ல, பாஸ்பேட் படிவு.